கட்டுக்கு அடங்காத நாயும் பேராசிரியர் பாவ்லாவும்

இவான் பெட்ரோவிச் பாவ்லாவின் பெயரைக் கேள்வியுறாத படிப்பாளிகள் நம் நாட்டில் சிலரே இருப்பர். ஆயினும் அவரைப்பற்றி ஜனங்கள் அறிந்திருப்பதெல்லாம் ஒரு மணியும் ஒரு நாயுமேயாகும். மணி அடித்தது, நாயின் வாயில் நீர் ஊறிற்று, அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. இந்தச் சிறு கதையிலும் பாதி சரியன்று. அவர் தம் ஆய்வுகளில் பெரிதும் கையாண்டது, சங்கீதம் பயில்வோர் தாளம் பிசகாதிருக்க வைத்துக்கொள்ளும் மெட்ரோநோம் என்னும் கருவியும், மின்சார ஒலியும், விளக்கின் வெளிச்சமும், தோலைத் தொடும் கருவிகளுமேயாம். மணி அபூர்வமாகவே ஒலித்தது. அது போகட்டும். ஒரு பிராணி எவ்விதம் பழக்கப்படுகிறது, எவ்விதம் அஞ்சக் கற்றுக்கொள்கிறது என்பதைத் துளித்துளியாக அளந்து கண்ட அம்மனிதர், தாம் மாத்திரம் அஞ்சுவதற்குப் பழகிக்கொள்ளாமலேயே 86 வயது வரையில் வாழ்ந்தார். மணியையும் நாயையும் விட இதுவே பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அறிய வேண்டுவதென நாம் கருதுகிறோம்.

ருஷ்ய தேசத்தில் ரியாஸான் என்னும் ஊரில், 1849-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரின் மூத்த புதல்வராக அவர் பிறந்தார். சிறு பிராயத்தில் உயரமான இடத்திலிருந்து விழுந்து பலத்த காயமடைந்ததால், 11-ஆவது வயதில்தான் பள்ளிக்கூடம் சென்றார். குலத்தொழிலுக்கேற்பப் பாதிரிமார் பயிலும் கலாசாலையிலேயே சேர்க்கப்பட்டார். ஆனால் அக்காலத்து ருஷ்ய வாலிபர்களை ஆட்கொண்ட புத்தகங்கள் அவரையும் விடவில்லை. அவற்றுள் ஒன்று, மூளையின் அனிச்சைச் செயல்களைப்பற்றி ஸெச்செனாவ் என்னும் விஞ்ஞானி 1863-ல் வெளியிட்டது. எண்ணம், விருப்பம் என்று நாம் சொல்லுவனவெல்லாம் நரம்பின் தொழிலே என்று அது வாதித்தது. பாவ்லாவ் பாதிரியாவதை விட்டு, 1870-ல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் புறப்பட்டார். அங்கே முதலில் சட்டம் படிக்கப் பெயர் கொடுத்தவர், சில வாரங்களுக்குள் இயற்கை விஞ்ஞானப் பிரிவுக்கு மாறிக்கொண்டார். சட்டத் தொழிலுக்கு அது நஷ்டமா லாபமா என்று நம்போன்ற வக்கீல்கள் தீர்ப்புக் கூறுவது அழகன்று.

பின்னர் ராணுவ வைத்தியக் கலாசாலையில் பயின்று 1879-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1881-ல் ஸெராபிமா என்னும் மாதை மணந்தார். அதற்குப் பிந்திய பத்து வருஷமும் வறுமையே. முதற்குழந்தை இறந்தது. தனி வீடு வைக்க வசதியில்லாமல் சகோதரர் வீட்டில் சிலகாலம் ஒண்டியிருந்தார். அவருடைய கஷ்டத்தைக் கண்ட மாணவர்கள், பிரசங்கத்துக்குக் கட்டணம் என்ற பெயரால் பணம் திரட்டிக் கொடுத்தனர். அவரோ அப்பணத்தை ஆய்வுக்கு வேண்டிய பிராணிகள் வாங்கச் செலவிட்டுவிட்டார். குடும்பஸ்தர் செய்யத்தக்க காரியமன்று இது. ஸெராபிமா அம்மாளின் பொறுமைக்கும் இச்சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1890-ல்தான் பேராசிரியர் பதவி கிடைத்தது; மறுவருஷம் பரிசோதனை வைத்தியக் கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அவர் வசமாயிற்று.

அவரது முதற் புகழ் மனத்தைப்பற்றியதன்று, வயிற்றைப்பற்றியது. நாயின் உணவுக்குழலை அறுத்து வெளியே திறக்கும்படி செய்து, அது விழுங்கும் உணவு இரைப்பைக்குச் சேராமலே கீழே விழச் செய்தார். அப்படியிருந்தும் இரைப்பையில் ஜீரண நீர் சுரந்தது. உணவு தொட்டதனாலன்று, நரம்பின் கட்டளையாலேயே அது சுரக்கிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. இவ்வாறு சேர்ந்த நீரைச் சுத்தப்படுத்தி அஜீரண ரோகிகளுக்கு மருந்தாக விற்றதில் ஆய்வுக்கூடத்துக்குக் கணிசமான வரும்படியும் வந்தது. இந்த ஜீரண ஆராய்ச்சிக்காகவே 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதல் ருஷ்யர் அவர்தாம்.

வேறொருவராயின் அத்துடன் திருப்தியடைந்து, கிடைத்த பெயரைக் காத்துக்கொண்டு காலம் கழித்திருப்பார். பாவ்லாவோ ஐம்பது வயதைக் கடந்த பின்னர் துறையையே மாற்றிக்கொண்டார். உணவு வாயில் படுமுன்னரே, உணவுத் தட்டைக் கண்டதும், ஏன், உணவு கொணரும் பணியாளின் காலடி ஓசை கேட்டதுமே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருந்தனர். பலருக்கும் அது ஓர் இடையூறாகவே தோன்றிற்று. சகபாடி ஒருவர் நாயின் ஆசையும் நினைப்புமே இதற்குக் காரணமென்றார். பாவ்லாவ் அதை ஒப்பவில்லை. நாயின் நினைப்பை யார் கண்டார்? கண்ணுக்குப் புலனாவது உமிழ்நீர்த் துளிதான், அதை எண்ணலாம், ஆகவே எண்ணுவோம் என்பது அவர் கொள்கை. 1903-ல் மாட்ரிட் நகரில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டில் இப்புதிய வழியை வெளியிட்டார்.

அவர் கண்டதைச் சுருக்கமாகக் கூறுவோம். நாயின் கன்னத்தில் சிறு அறுவை செய்து, உமிழ்நீர் வெளியே ஒரு குழாயில் விழுமாறு அமைத்தார். மெட்ரோநோம் ஒலிக்கும், சில விநாடிகளில் இறைச்சித் தூள் கிடைக்கும். இப்படிப் பலமுறை நடந்த பின், உணவின்றி ஒலி மாத்திரம் கேட்டாலும் உமிழ்நீர் சுரக்கும். உணவால் சுரப்பது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். ஒலியால் சுரப்பது நிபந்தனையோடு கூடிய அனிச்சைச் செயல். இன்றைய பாடப் புத்தகங்கள் இதனை ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. உணவு முந்தியும் ஒலி பிந்தியும் வந்தால் பழக்கம் சரியாய் அமைவதில்லை. வரப்போவதை அறிவிப்பதாலேயே அடையாளத்துக்கு மதிப்பு.

இதன் பின் அவர் கண்டது இன்னும் முக்கியமானது. ஒலி மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்க, உணவு வராதேபோனால், உமிழ்நீர் துளித்துளியாகக் குறைந்து கடைசியில் நின்றுவிடும். பழக்கம் அழிந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் சிறிது ஓய்வு கொடுத்து மறுபடி ஒலித்தால், நின்றது திரும்பவும் தலைகாட்டும். ஆக, பழக்கம் அழியவில்லை. அதன்மேல் வேறொரு தடை வந்து படிந்திருக்கிறது, அவ்வளவே. விட்ட பொடிப் பழக்கம் எதிர்பாராத நாளில் மூக்கை அரிக்கும் காரணத்தை நம்முள் பலர் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

வட்டம் தெரிந்தால் உணவு உண்டு, முட்டை வடிவம் தெரிந்தால் இல்லை என்று ஒரு நாயைப் பழக்கினார்கள். பிறகு முட்டை வடிவத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கச் செய்தார்கள். நீளமும் அகலமும் 9-க்கு 8 என்ற அளவுக்கு வந்தபோது, அமைதியாயிருந்த அந்த நாய் ஊளையிட்டது, கட்டுகளைக் கடித்தது, முன்பு எளிதில் கண்ட வித்தியாசத்தையும் காண மாட்டாமல் குழம்பிற்று. எது தண்டனை, எது பரிசு என்று தெரியாதபடி விதிகளை மங்கலாக வைத்திருக்கும் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இந்த நாயின் நிலை விளங்காமற் போகாது.

பாவ்லாவின் நாய் பழக்கத்தினால் ஒன்றும் சாதிக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வந்தே தீரும். நாம் இதனை எழுதும் சங்கரன்கோவிலில், ஆடித் தபசுக்கு வரும் ஜனங்கள் கோவில் யானையினிடம் பழத்தை நீட்டுவார்கள், யானை துதிக்கையைத் தூக்கி ஆசீர்வதிக்கும், பழம் கிடைக்கும். இங்கே யானை ஒரு காரியத்தைச் செய்கிறது. அதன் பலனாகப் பழம் வருகிறது. பலன் வரும் காரியமே நிலைத்துப் பழக்கமாகிறது. இவ்விரண்டாவது வழியை, கூண்டில் அடைத்த பூனைகளைக் கொண்டு அமெரிக்கரான தார்ண்டைக் 1898-லேயே ஆராய்ந்திருந்தார். அதற்குச் செயல்வழிப் பழக்கம் என்ற கருத்தில் தனிப்பெயர் வைத்து, 1938-ல் பெரிய நூலாக விரித்தெழுதியவர் ஸ்கின்னர். இதற்கிடையே, 1928-ல், வார்ஸாவிலிருந்து கொனார்ஸ்கி, மில்லர் என்ற இரு இளைஞர்கள், நாய் காலைத் தூக்கினால் உணவு கிடைக்கும்படி செய்து பார்த்து, இது பாவ்லாவின் விதிக்குள் அடங்காத வேறொரு வகை என்று வாதித்தார்கள். உலகப் புகழ் பெற்ற கிழவர் அவ்விளைஞர்களை அலட்சியம் செய்யவில்லை. கருத்து வேற்றுமை இருந்தபோதிலும், கொனார்ஸ்கிக்குத் தம் ஆய்வுக்கூடத்திலேயே இடம் கொடுத்து, 1931 முதல் 1933 வரை வேலை செய்ய அனுமதித்தார். தார்ண்டைக் தமக்கு முந்தியவர் என்பதையும் அவர் மறைத்தாரில்லை.

இவ்விரு வழிகளும் ஒருங்கே நடக்கும் இடம் பள்ளிக்கூடம். கணக்குத் தப்பாய்ப் போட்ட பையனை உபாத்தியாயர் பிரம்பால் அடிக்கிறார். தப்புக் குறையுமென்பது அவர் எண்ணம். அது செயல்வழிப் பாடம். ஆனால் அதே சமயத்தில் பாவ்லாவின் பாடமும் நடந்துவிடுகிறது. கணக்குப் புத்தகம், கரும்பலகை, உபாத்தியாயரின் செருப்போசை எல்லாமே அடியின் அடையாளங்களாகின்றன. கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளுகிறது. கற்பிக்க நினைத்தது ஒன்று, கற்றுக்கொண்டது இரண்டு. பவநகரில் வக்கீல் தொழிலைக் கைவிட்டு, 1920-ல் பாலமந்திரம் தொடங்கிய கீஜுபாய் பதேகா, பிரம்பையும் வேண்டாம், பரிசையும் வேண்டாம் என்று இரண்டையும் விலக்கியதை இங்கே நினைத்துக்கொள்ளுகிறோம். நம் நாட்டுச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதைத் தடுத்தது 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தினால்தான். கீஜுபாய் காலமானது 1939-ல். எழுபது வருஷம்!

இனி, தலைப்பில் நாம் குறித்த நாயின் விஷயத்துக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய் இருந்தது. சாது, யாரையும் கடிக்காது, எல்லோரிடமும் நட்பாய்ப் பழகும். ஆனால் பரிசோதனை மேடையில் நிறுத்தி, கால்களிலும் கழுத்திலும் வார்ப்பட்டை மாட்டினால் மாத்திரம் பொறுக்காது. துள்ளும், கீறும், பட்டையைக் கடிக்கும். ஓயாமல் உமிழ்நீர் வடிக்கும். அடியும் இல்லை, வலியும் இல்லை, உணவும் உண்டு; இருந்தும் அடங்கவில்லை. மற்ற நாய்கள் சில நாளில் பழகிவிடும் ஒன்றுக்கு இது நாளாக ஆக எதிர்ப்பையே அதிகமாகக் காட்டிற்று. காரணங்கள் ஒவ்வொன்றையும் தள்ளிப்பார்த்த பாவ்லாவ், கட்டுண்டிருப்பதையே எதிர்க்கும் பிறவிக் குணம் ஒன்று உண்டு என்று முடிவு செய்து, அதற்குச் சுதந்திர அனிச்சை என்று பெயரிட்டார். வேறெங்கும் உணவு கொடாமல், மேடையில் மாத்திரமே உணவு என்று வைத்து, மாதக்கணக்கில் முயன்று அந்த நாயை வழிக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் அது சரியாய் உண்ணாமல் உடல் மெலிந்தது. அடங்கிய பின்னரும் இடையிடையே பழைய எதிர்ப்புத் தலைதூக்கிற்று. இதனை அவர் வெளியிட்டது 1917-ஆம் வருஷம்; ஜாரின் சிங்காதனம் சாய்ந்த அதே வருஷம். சுதந்திர அனிச்சைக்கு எதிராக, வலியார்முன் மண்டியிடும் அடிமை அனிச்சை ஒன்றும் உண்டென்று அவர் அக்கட்டுரையில் கூறியதையும் நாம் மறைக்கலாகாது.

உணவைக் கொண்டு கட்டுக்குள் அடக்கும் வித்தை ஆய்வுக்கூடத்தில் மாத்திரம் நடந்ததன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்களுக்கு அன்னமும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். தண்டனை என்ற அடையாளத்தைக் கண்டதும் கை பின்வாங்கும் என்பது கலெக்டர் கணக்கு. ஜனங்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கணக்குத் தவறியது ஏன் என்று பாவ்லாவின் துளிக் குழாயைக் கேட்டால் விடை கிடைக்குமா என்பது சந்தேகம். மேடையில் நின்ற அந்த நாயை அவர் கூர்ந்து நோக்கியதுபோல் கலெக்டர் நோக்கியிருந்தால் ஒருவேளை விளங்கியிருக்கலாம்.

நாய்களுக்கு இழைத்த துன்பத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. உயிருள்ள பிராணிகளை அறுத்து ஆராய்வதைக் காந்தியடிகள் வெறுத்தார். நமக்கும் இந்த அறுவைகளைப் படிக்கையில் உடல் கூசுகிறது. மனிதருக்குச் செய்வதைப்போலவே சுத்தமான அறையில் மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்து, நாய்கள் நெடுநாள் உயிர்வாழவேண்டுமென்று பாவ்லாவ் முயன்றார் என்பதும், உயிருள்ள பிராணியை அறுக்கும்போது தமக்கு வருத்தமுண்டென்று அவரே எழுதினார் என்பதும் உண்மை. அவற்றால் கணக்குச் சரியாகிவிடுகிறதென்று நாம் கூறவில்லை. 1935-ல் அவருடைய கழகத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பப்பட்டது.

1917-க்குப் பின் அவர் கண்டது பஞ்சமும் உள்நாட்டுப் போரும். ஒரு மகன் இறந்தான். நாய்கள் பட்டினியால் மடிந்தன. நோபல் பரிசுப் பணமும் புரட்சியில் போயிற்று. 1920-ல் அந்நிய நாடு செல்ல அனுமதி கேட்டார். உலகப் புகழ் பெற்றவரை இழக்க விரும்பாத லெனின், 1921 ஜனவரியில் அவருக்கும் அவர் வேலைக்கும் தனி வசதிகள் செய்து கொடுக்கும்படி உத்தரவு பிறப்பித்தார். மேடையும் வைத்தாயிற்று, உணவும் வைத்தாயிற்று. பாவ்லாவ் ஊரிலேயே தங்கினார், பணத்தையும் ஏற்றுக்கொண்டார், ஆனால் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1923-ல் அமெரிக்கா சென்று திரும்பிய பின், போல்ஷ்விக் சித்தாந்தத்தை மாணவர் முன்னிலையிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். 1924-ல் பாதிரிமாரின் பிள்ளைகளைக் கலாசாலைகளிலிருந்து வெளியேற்றியபோது, தாமும் பாதிரியின் பிள்ளைதான் என்று கூறி, சுமார் முப்பது வருஷமாக வகித்த ராணுவ வைத்தியக் கலாசாலைப் பதவியை ராஜிநாமாச் செய்தார். இத்தனைக்கும் அவர் தெய்வ நம்பிக்கை உடையவரல்லர்.

அதே 1924 செப்டம்பரில் நேவா நதி பெருகி நகரத்தைச் சூழ்ந்தது. கூண்டுகளில் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்த நாய்களைப் பணியாட்கள் நீந்தவைத்து மீட்டனர். கூண்டின் வாயிலைத் தாண்ட அவற்றின் தலையை நீருக்குள் அமிழ்த்த வேண்டியிருந்தது. பிழைத்த நாய்களுள் சில, பல மாதம் கற்ற பழக்கங்களை அடியோடு இழந்துவிட்டன. கதவிடுக்கில் சிறிது தண்ணீர் கசிந்தாலும் மீண்டும் நடுங்கின. பேரச்சம் மூளையைக் கலைக்கும் விதத்தைக் கிழவர் அதன்பின் விடாமல் ஆராய்ந்தார்.

அதை அவர் நாய்களிடம் மாத்திரம் காணவில்லை. 1934 டிசம்பரில், கீரோவ் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் கைதாகி நாடுகடத்தப்பட்டபோது, அரசாங்கத்துக்கே கடிதம் எழுதி, அச்சத்தில் வாழும்படி செய்யப்பட்ட ஜனங்கள் மனிதத்தன்மையை இழந்துவிடுவர் என்ற கருத்தில் எச்சரித்தார். கைதான பலருக்காகப் பரிந்தெழுதினார். சிலர் விடுதலையும் பெற்றனர். அக்காலத்தில் வேறெவரும் இவ்வாறு எழுதிவிட்டு வீட்டில் உறங்கியிருக்க முடியாது. அவருடைய புகழே அவருக்குக் கவசமாயிருந்தது என்பதும் மெய்தான். கவசம் இருந்தும் வாய் திறவாதவர் எத்தனையோ பேர். கடைசிக் காலத்தில், கொல்துஷி கிராமத்தில் அரசாங்கம் அமைத்துக் கொடுத்த பெரிய ஆய்வு நிலையத்தைக் கண்டும், ஜெர்மனியில் ஹிட்லர் தலையெடுப்பதைக் கண்டும் அவர் பேச்சு ஓரளவு தணிந்தது. 1935-ல் லெனின்கிராடில் கூடிய சர்வதேச உடற்றொழில் மகாநாட்டில் அரசாங்கத்தைப் புகழ்ந்தும் பேசினார். மேடையில் உணவு வைத்துப் பழக்கியதன் பலனா, முதுமையா, தேசாபிமானமா? எல்லாம் கலந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1936 பிப்ரவரி 27-ஆந் தேதி, நுரையீரல் காய்ச்சலால், தம் 86-ஆவது வயதில் அவர் காலமானார். அரசாங்கம் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்தது. கொள்கையும் அரசாங்கத்தின் வசமாயிற்று. 1950 ஜூன் மாதக் கடைசியில், ஸ்டாலின் ஆட்சியின் ஆதரவில், விஞ்ஞானக் கழகமும் வைத்திய விஞ்ஞானக் கழகமும் மாஸ்கோவில் ஒன்றுகூடி, பாவ்லாவ் சொன்னதே சரியான வழி, அதிலிருந்து விலகுவோர் குற்றவாளிகள் என்று முழங்கின. நினைப்பு என்ற சொல்லைக் கூடச் சோதனையின்றி ஏற்காதவரின் பெயரால், சோதனையின்றி ஏற்கும்படி விஞ்ஞானிகள் பழக்கப்பட்டார்கள். அவருடைய தலைமாணாக்கரான ஆர்பெலியே போதிய பக்தியில்லாதவர் என்று கண்டிக்கப்பட்டு, வகித்துவந்த பதவிகளை இழந்தார். ஸ்டாலின் 1953-ல் மறைந்தபின், 1956-ல்தான், ஆர்பெலிக்கு மீண்டும் ஓர் ஆய்வுக் கழகம் கிடைத்தது. பழைய ஸெச்செனாவின் பெயரை அக்கழகத்துக்கு இட்டார்கள்.